கேளுங்க சொல்றேன்: பள்ளிக்கூட சமையக்கட்டுல கணக்கா, கைமணமா?

போன மாசம் ஹாஸ்டல் சமையல் பத்தி ஒரு வாசகருக்குப் பதில் எழுதினேன், அதுல இருந்து வர்ற கேள்வில பாதிக்கு மேல பள்ளிக்கூட சாப்பாடுதான். சரி, இந்தத் தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிடுவோம். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால ஊர் மட்டும்தான்.

அக்கா, நான் சத்துணவு அமைப்பாளர். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவுன்னு எல்லாம் மேல இருந்து எழுதி வந்துடுது. மீட்டிங்குக்குப் போனா "புதுமையா பண்ணுங்க"ங்கறாங்க. இதுல புதுமைக்கு எங்கக்கா இடம் இருக்கு? (விழுப்புரம் மாவட்டம்)

மீட்டிங்குல பேசறவங்க பதினொன்றரை மணிக்கு உங்க அடுப்புகிட்ட ஒரு பத்து நிமிஷம் நின்னு பாத்தாங்கன்னா அந்த வார்த்தைய கொஞ்சம் யோசிச்சு சொல்வாங்க. ஆனா உங்க கேள்விக்கு "இடமே இல்ல"ன்னு பதில் சொல்ல மாட்டேன்.

மத்திய அரசு அளவையே எடுத்துப்போம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். 200 பிள்ளைங்கன்னா 20 கிலோ அரிசி, 4 கிலோ பருப்பு, 10 கிலோ காய், 1 கிலோ எண்ணெய். இதுல ஒரு கிராமும் நீங்க மாத்த முடியாது, மாத்தவும் கூடாது, அது பிள்ளைங்களோட பங்கு. ஆனா அந்த ஒரு கிலோ எண்ணெய எப்ப ஊத்தறதுங்கறத யாரும் எழுதி அனுப்பல பாருங்க. ஆரம்பத்துலயே மொத்தத்தையும் ஊத்தி வெங்காயம் வதக்கிட்டா வாசம் சாப்பாட்டு நேரத்துக்கு நிக்காது. பாதிய எடுத்து வச்சு எறக்கறதுக்கு முன்னாடி கடுகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுத் தாளிச்சுக் கொட்டிப் பாருங்க, அதே எண்ணெய், அதே செலவு, மூணாங்கிளாஸ் வரைக்கும் வாசம் போகும். காய் எந்த சைஸ்ல நறுக்கறதுன்னும் எழுதி வரல. கத்திரிக்காய நாலாப் பொளந்து போட்டா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை அப்படியே தட்டு ஓரமா ஒதுக்கிடும், பொடியா அரிஞ்சு பருப்போட மசிச்சுட்டா தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும். செலவுக்கு உச்சவரம்பு ஏதோ இப்ப புதுசா வந்த கட்டுப்பாடு மாதிரி நாம பேசறோம். 1920ல பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல மதிய சாப்பாடு ஆரம்பிச்சாங்க, அந்தத் தீர்மானத்துலயே ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. காமராஜர் 1956ல ஆரம்பிச்சது, எம்ஜிஆர் 1982 ஜூலை 1ல சத்துணவுன்னு விரிவாக்கினது, எல்லாத்துலயும் ஒரு கையில சோறு இன்னொரு கையில கணக்கு நோட்டுதான். ஆனா பாருங்க, வருஷக்கணக்கா சாதம் சாம்பார்னு ஓடினத 2013ல சில எடத்துல சோதனையா மாத்தி, 2014ல தமிழ்நாடு முழுக்க கலவை சாதம்னு கொண்டு வந்தாங்க. வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், மீல் மேக்கர் சாதம், கருவேப்பிலை சாதம், கூடவே மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை. அரிசி அதே அரிசிதான், மாறினது செய்ற விதம்.

அந்த கருவேப்பிலை சாதத்த யோசிச்சவங்க யாரா இருந்தாலும் ஒரு கும்பிடு போடலாம். சாம்பார்ல மெதக்கற கருவேப்பிலைய எந்தப் பிள்ளையும் தின்னது கிடையாது, எடுத்துப் போட்டுட்டுத்தான் சாப்பிடும், அதையே வறுத்து உளுந்து மிளகோட பொடிச்சு சோத்துல கலந்துட்டா ஒதுக்க வழியே இல்ல. காசு குடுத்து வாங்கி குப்பைக்குப் போன பொருள் வயித்துக்குப் போயிடுச்சு. நீங்க கேட்ட இடம் அதுதான், பெருசா எதுவும் வேண்டாம், உங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எதை ஒதுக்கறாங்கன்னு ஒரு வாரம் பாருங்க, அது ஒதுக்க முடியாத ரூபத்துல எப்படி வரும்னு சமையலர் அக்காகிட்ட கேளுங்க. உங்களவிட அவங்களுக்குத் தெரியும்.

முட்டைய தினமும் அவிச்சே குடுக்கறோம், இல்லன்னா மசாலால பெரட்டி. பொடிமாஸ் பண்ணா பசங்க பறந்துக்கிட்டு சாப்பிடுவாங்க, ஆனா விட மாட்டேங்கறாங்க. ஏன் மேடம் இவ்வளவு பிடிவாதம்? (ஆசிரியர், திருவண்ணாமலை)

சார், இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாசம் பேனாவே எடுத்தேன்னு வச்சுக்குங்க.

முழு முட்டைய எண்ணலாம். 140 பிள்ளைங்க வந்திருக்காங்கன்னா 140 முட்டை தட்டுல இருக்கணும், ஆய்வுக்கு வர்ற அதிகாரிக்கும் தெரியும், எட்டிப் பாக்கற அப்பா அம்மாவுக்கும் தெரியும், எல்லாத்துக்கும் மேல அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கு ஒண்ணு வரணும்னு. ஒடைச்சு வெங்காயத்தோட கிளறிட்டா 140 போட்டாங்களா 100 போட்டாங்களான்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா ஏறி 2010ல வாரம் 5 முட்டைன்னு ஆச்சு, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இவ்வளவு முட்டை இத்தனை ஆயிரம் சமையக்கட்டுக்குப் போகுதுன்னா நடுவுல காணாமப் போகாம இருக்கறதுக்கு முழு முட்டைய விட நல்ல ரசீது கிடையாது. அதனால இந்த விஷயத்துல நான் கணக்குக்காரங்க பக்கம்தான், உங்களுக்குக் கோவம் வந்தாலும் சரி.

ஆனா முழுசா குடுத்தும் ருசியா குடுக்கலாம். பிள்ளைங்க மஞ்சக் கருவத் தூக்கிப் போடறதுக்கு முக்காவாசி காரணம் அளவுக்கு மீறி வேக வைக்கறது. அடுப்புல போட்டுட்டு அரை மணி நேரம் மறந்துட்டா மஞ்சக் கருவச் சுத்திப் பச்சையா ஒரு வளையம் வந்துடும், வாயில வச்சா மாவா ஒட்டும், விக்கும். கொதி வந்ததும் ஒரு 10-12 நிமிஷம், ஒடனே பச்சத் தண்ணில போட்டுடணும், தோலும் லேசா உரிஞ்சு வரும். மசாலா முட்டைன்னா ரெண்டா வகுந்து மஞ்சக் கரு கீழ இருக்கற மாதிரி மசாலால கவுத்து ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க. ஆனா பரிமாறும்போது ரெண்டு பாதியையும் சேத்து ஒரே கரண்டில வைங்க, இல்லன்னா "எனக்கு அரை முட்டைதான் போட்டாங்க"ன்னு சாயந்திரம் வீட்டுக்குப் புகார் போயிடும்.

நாங்க தனியார் பள்ளி நடத்தறோம்ங்க, 300 பிள்ளைங்களுக்கு மதிய சாப்பாடு பள்ளியிலயே. எங்க அக்கவுண்டன்ட் மாசா மாசம் செலவக் குறைங்கன்னு நிக்கறாரு, சமையல் மாஸ்டர் புது ஐட்டம் போடலாம்னு நிக்கறாரு, நடுவுல நான். ரெண்டு பேர்ல யார் சொல்றதக் கேக்கறதுங்க? (மேனேஜர், பொள்ளாச்சி)

ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி கழுவற எடத்துல நிக்க வைங்க.

வெளையாட்டுக்குச் சொல்லல. ரெண்டு வாளி வைங்க, ஒண்ணு பிள்ளைங்க தட்டுல இருந்து கொட்டறதுக்கு, இன்னொண்ணு பாத்திரத்துல பரிமாறாம மிஞ்சறதுக்கு. தினமும் ரெண்டையும் தனித்தனியா எடை போட்டு, அன்னைக்கு என்ன மெனு, எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு பக்கத்துல எழுதி வைங்க. ஒரு பிள்ளை ஒரு கைப்பிடி, ஒரு 30 கிராம் ஒதுக்குதுன்னு வச்சுக்கிட்டாலே 300 பேருக்கு 9 கிலோ சோறு ஆச்சு. பாத்திரத்துல மிஞ்சுதுன்னா அது எண்ணிக்கைத் தப்பு, அக்கவுண்டன்ட் பாத்துக்கணும். காலையில அட்டெண்டன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே உலை வச்சுடறாங்களா, சந்தை நாள்ல, கோயில் நோம்பி நாள்ல எத்தனை பேர் வராம இருக்காங்க, இதெல்லாம். தட்டுல இருந்து கொட்டுதுன்னா அது மாஸ்டரோட தலைவலி, ருசியோ அளவோ சூடோ எதுவோ இடிக்குது. ரெண்டு வாளியையும் ஒண்ணாக் கலந்துட்டீங்கன்னா ஆளுக்கு ஆள் அடுத்தவர் மேல கைகாட்டிட்டுப் போயிடுவாங்க, இதுதான் பெரும்பாலான எடத்துல நடக்குது.

மாஸ்டர்கிட்ட எடுத்த எடுப்புல "புது ஐட்டத்துக்குக் காசு இல்ல"ன்னு சொல்லாதீங்க. தட்டு வாளில எவ்வளவு கொறையுதோ அதோட மதிப்பு உங்க கைக்குன்னு சொல்லிப் பாருங்க, அந்த மாசம் சுண்டல் போடறாரோ கேசரி கிண்டறாரோ அவர் இஷ்டம். அக்கவுண்டன்டுக்கும் மறுக்க ஒண்ணும் இருக்காது, ஏன்னா பட்ஜெட்ல புதுசா ஒரு ரூபா கூட போகல.

அப்பறம் மெனுவ ஐட்டம் பேரோட பூட்டி வைக்காதீங்க. "செவ்வாய் தக்காளி சாதம்"னு அச்சடிச்சு ஒட்டிட்டா தக்காளி என்ன விலை வித்தாலும் வாங்கித்தான் ஆகணும். 2023 ஜூலைல கிலோ 100 ரூபாயத் தாண்டினப்போ ஒட்டின மெனுவ வச்சுக்கிட்டு முழிச்சவங்க நிறைய பேரு. அதுக்குப் பதிலா செவ்வாய்னா புளிப்பு சாதம்னு வைங்க, தக்காளி மலிவா இருந்தா தக்காளி, இல்லன்னா புளி, எலுமிச்சை, சீசன்ல மாங்கா. மாஸ்டருக்கும் மனசுக்கு வந்தத செய்ய ஒரு எடம் கெடைக்கும், வாங்கப் போறவருக்கும் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்காது. வியாழன்னா பருப்புக் கொழம்பும் அன்னைக்கு மார்க்கெட்டுல எது சல்லிசோ அந்தக் காயும். முட்டை விலையும் அப்படித்தான், நாமக்கல் விலை தினமும் மாறும், புரட்டாசில ஜனங்க கவுச்சி விடறதால எறங்கும், அந்த மாசம் ஒரு நாள் சேத்துப் போடலாம். நீங்க பொள்ளாச்சில இருந்துக்கிட்டு தேங்காய்க்கும் காய்க்கும் இடைத்தரகர்கிட்டப் போறீங்கன்னா அதுவும் யோசிக்கணும், சுத்துவட்டாரத் தோட்டக்காரங்க நாலஞ்சு பேர்கிட்ட நேரா பேசிப் பாருங்க. பிரேசில்ல இதுக்கு 2009ல சட்டமே போட்டாங்க, பள்ளி உணவுக்கு மத்திய அரசு குடுக்கற பணத்துல குறைஞ்சது 30 சதவீதம் குடும்ப விவசாயிகள்கிட்ட வாங்கியாகணும்னு. நமக்கு சட்டம் வேண்டாம், வாரம் ரெண்டு போன் போதும், ஆனா காச மட்டும் இழுத்தடிக்காம குடுத்துடுங்க, ஒரு தடவை இழுத்தா அடுத்த வாரம் வாடின வெண்டைக்காதான் வரும்.

மாஸ்டர் ஆசைப்படற எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லல. சப்பாத்தி போடறேன்னு வந்தார்னா 300 பேருக்கு ரெண்டு ரெண்டுன்னா 600, தேய்க்க எத்தனை கை இருக்கு, கடைசி வரிசைக்கு வர்றப்போ முதல் சப்பாத்தி எப்படி இருக்கும்னு கேளுங்க. அவரே வாபஸ் வாங்கிடுவாரு.

பள்ளிக்கூடத்துல காலையில உப்புமா போட்டா மட்டும் எங்க பையன் சாப்பிடாமயே வகுப்புக்குப் போயிடறான். ஏன் இந்த உப்புமாவக் கட்டிக்கிட்டு அழறாங்க? (ஒரு அம்மா, திருச்சி)

சீக்கிரம் ஆகும், விலை கம்மி, மாவு ஆட்ட வேண்டாம், ஊற வைக்க வேண்டாம். காலையில எட்டரைக்குள்ள பிள்ளைங்க சாப்பிட்டு முடிக்கணும்னா சமைக்கற மகளிர் குழு அக்காங்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க, அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. காகிதத்துல பாத்தா உப்புமா மாதிரி ஒழுங்கான பண்டம் கிடையாது, தட்டுல பாத்தாதான் தகராறு. முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரைல 1,545 பள்ளிங்களுக்குன்னு ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல திருக்குவளைல இருந்து மாநிலம் முழுக்கப் போச்சு, அப்பவே உப்புமா பத்தி முணுமுணுப்பு உண்டு. 2025ல திங்கட்கிழமை உப்புமாவ எடுத்துட்டு பொங்கல் சாம்பார்னு அறிவிச்சாங்க, பிள்ளைங்க ஜெயிச்சாங்கன்னுதான் சொல்லணும்.

மத்தபடி உப்புமாவே போட்டாலும் ரவைய முன்னாடியே நல்லா வறுத்து, தண்ணி கொஞ்சம் தாராளமா வச்சு, கேரட் பீன்ஸ பொடியா அரிஞ்சு போட்டு, சூட்டோட குடுத்தா பாதிப் பிள்ளைங்க சாப்பிடும். ஆறிப்போயி கட்டியா வெட்டி எடுத்து வைக்கற உப்புமாவ நானே சாப்பிட மாட்டேன், உங்க பையனச் சொல்லி என்ன பண்றது.

அக்கா, நானும் ஃப்ரெண்ட்ஸும் சேந்து ஒரே பெரிய கிச்சன் வச்சு பத்து தனியார் பள்ளிக்கு சாப்பாடு சப்ளை பண்ணலாம்னு பிளான். மெனு எல்லாம் செம கிரியேட்டிவா போட்டு வச்சிருக்கோம், கொரியன் ரைஸ் பவுல் வரைக்கும். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு என்ன சொல்வீங்க? (கோவை)

தம்பி, மெனுவ மடிச்சு பைக்குள்ள வைங்க, மொதல்ல வண்டி ரூட்டப் போடுங்க.

ஒரே எடத்துல சமைச்சு அனுப்பறது தப்பான யோசனைன்னு சொல்ல மாட்டேன். பெங்களூருல அட்சய பாத்திராங்கற தொண்டு நிறுவனம் 2000ல 5 பள்ளிக்கூடம், 1,500 பிள்ளைங்கன்னு ஆரம்பிச்சு இன்னைக்கு பல மாநிலத்துல லட்சக்கணக்கான பிள்ளைங்களுக்கு அனுப்பறாங்க, மொத்தமா வாங்கறது, மிஷின் வேலை, சுத்தம், இதுல எல்லாம் அந்த ஏற்பாட்டோட சின்ன சமையக்கட்டு போட்டி போட முடியாது. ஆனா வெங்காயம் பூண்டு போட மாட்டோம்னு அவங்க நின்னது கர்நாடகாவுல பெரிய சர்ச்சையாச்சு, பிள்ளைங்க வீட்டு ருசி வேற, தட்டுல வர்ற ருசி வேற, அப்ப சத்து சரியா இருந்து என்ன, பிள்ளை சாப்பிடணும்லன்னு கேட்டாங்க. எடம் பெருசாக ஆக ருசி யாரோடதுங்கற கேள்வி வரும், பத்துப் பள்ளின்னாலும் வரும்.

வண்டி ரூட்டுக்கு வர்றேன். கடைசிப் பள்ளிக்கு எத்தனை நிமிஷம்னு பாருங்க, அந்த நிமிஷத்துக்கு அப்பறமும் எந்தச் சாப்பாடு சாப்பாடா இருக்கும்னு பாருங்க, அதுதான் உங்க மெனு. வெண்பொங்கல் ஒரு மணி நேரத்துல இறுகிடும், அதனால அடுப்புல இருந்து எறக்கறப்போ கஞ்சி மாதிரி தளர இருக்கணும், பாத்தா யாருக்கும் பிடிக்காது, ஆனா போய்ச் சேரும்போது சரியா இருக்கும். சேமியா ஒட்டிக்கும். பொரியல் தண்ணி விடும். புளி சாதமும் எலுமிச்சை சாதமும் நேரமாக ஆக ருசி ஏறும், நம்ம ஊர்ல பஸ் பயணத்துக்குக் கட்டிட்டுப் போன சாப்பாடு அதெல்லாம். சூடா போக வேண்டியது பள்ளில எறக்கறப்போ 60 டிகிரிக்குக் கீழ எறங்கக் கூடாது, தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க, வண்டி டிரைவருக்கே பாக்கச் சொல்லிக் குடுங்க. கொரியன் பவுல ஆண்டு விழாவுக்கு வச்சுக்கலாம்.

கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்குன்னும் எழுதல நீங்க. பள்ளிக்கூடம் பணம் குடுக்கறது பீஸ் வசூலாகறதப் பொறுத்து, மளிகைக்கடைக்காரர் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாரு. ஏப்ரல் மே லீவு வேற, அந்த ரெண்டு மாசமும் சமையல் ஆளுங்களுக்கு என்ன குடுப்பீங்க? இந்த ரெண்டுக்கும் பதில் வச்சுக்கிட்டு பத்துப் பள்ளி வேண்டாம், ஒரு பள்ளில ஆரம்பிங்க.

சாப்பாடு பரிமாறதுக்கு முன்னாடி டீச்சர் ருசி பாக்கணும்னு ரூல். தினமும் அரை மணி நேரம் முன்னாடி போயி நிக்கறதுல பாடம் போகுது. இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே? (ஆசிரியை, கடலூர்)

இல்ல டீச்சர். 2013 ஜூலை 16, பீகார் சாரண் மாவட்டத்துல ஒரு பள்ளில மதிய சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைங்க செத்துப் போனாங்க, சமையல் எண்ணெய்ல பூச்சிமருந்து, மோனோகுரோட்டோபாஸ். நம்ம கும்பகோணம் தீ விபத்தும் அதே ஜூலை 16தான், 2004ல, 94 பிள்ளைங்க, தீ ஆரம்பிச்சது சமையக்கட்டுல. சேமிப்பும் புதுமையும் எவ்வளவு வேணா பேசலாம், ஆனா ருசி பாக்கறது, எண்ணெய் டப்பா எங்க இருக்குன்னு பாக்கறது, அடுப்புக்கு மேல கூரை என்னன்னு பாக்கறது, இதுல யாரும் சுருக்குவழி கண்டுபிடிக்க வேண்டாம். அரை மணி நேரம் போகுதுன்னா முறை வச்சுக்குங்க, ஆளுக்கு ஒரு நாள்.

அரிசில பிளாஸ்டிக் கலக்கறாங்கன்னு எங்க ஊர்ல ஒரே பேச்சு. சமையலர் அக்கா கழுவறப்ப வித்தியாசமா தெரியற அரிசிய எல்லாம் பொறுக்கி எறிஞ்சுடறாங்க. (பெற்றோர், தர்மபுரி)

அய்யோ, எறிய வேண்டாம்னு சொல்லுங்க. அது செறிவூட்டின அரிசி, அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேத்து அரிசி மாதிரியே அச்சுல வார்த்தது, 100 கிலோவுக்கு 1 கிலோ கலக்கறாங்க. பாக்க கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், சிலது தண்ணில மெதக்கும். பிள்ளைக்கு வேண்டியது அதுலதான் இருக்கு, அதையே பொறுக்கிட்டா மிச்சம் சாதா அரிசி. ஒரு நாள் பெற்றோர் கூட்டத்துல அதுல ஒரு பிடி எடுத்து எல்லார் முன்னாடியும் வேக வச்சுக் காட்டச் சொல்லுங்க, பேச்சு நின்னுடும். நெறைய தண்ணில களைஞ்சு, கஞ்சிய வடிச்சுக் கொட்டினா சத்தும் கூடவே போகும், அளவாத் தண்ணி வச்சு வேக வைக்கற புலாவ், பிரியாணி, சாம்பார் சாதம் இதுக்கெல்லாம் அந்தக் கவலை இல்ல.

பிள்ளைங்ககிட்டயே என்ன வேணும்னு கேட்டு மெனு போடலாமா? (தலைமை ஆசிரியர், சிவகங்கை)

கேளுங்க, ஆனா "என்ன வேணும்"னு கேக்காதீங்க சார், சிக்கன் பிரியாணியும் ஐஸ்கிரீமும் தவிர வேற பதில் வராது, அப்பறம் ஏமாத்திட்டோம்னு நெனப்பாங்க. உங்களால செய்ய முடிஞ்ச ரெண்ட மட்டும் முன்னாடி வைங்க, சுண்டல்னா பச்சப்பயறா கொண்டைக்கடலையா, தேங்கா போட்டா மாங்கா போட்டா. கை தூக்கச் சொல்லி எண்ணுங்க, எண்ணறதயும் அவங்களயே பண்ணச் சொல்லுங்க. வரிசைல கடைசியா நிக்கற பிள்ளைங்ககிட்ட தனியா ஒரு தடவை கேளுங்க, சாம்பார் அண்டால காயெல்லாம் அடில தங்கிடும், மேலாக அள்ளி அள்ளி ஊத்தினா முதல்ல வர்றவனுக்கு வெறும் தண்ணி, அடியோட அள்ளினா கடைசில வர்றவனுக்குக் காயே இல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கலக்கு கலக்கிட்டு ஊத்தச் சொன்னாலே பாதிப் புகார் கொறைஞ்சுடும்.

அடுத்த மாசத்துக்கு எழுதறவங்க எத்தனை பிள்ளைங்க, சமைக்க எத்தனை பேரு, கேஸா வெறகான்னு மூணையும் சேத்து எழுதிடுங்க, அது தெரியாம என்னால பதில் சொல்ல முடியாது.